அடுத்த பெருந்தொற்று வந்தால் எந்த நகரத்தில் இருப்பது நல்லது?

சாளரம்:
எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. சொந்த வீடு கிடையாது, வாடகைதான். அதனால் அடுத்த சில வருடங்களுக்கு எந்த ஊரில், ஏன் எந்த நாட்டில் குடியிருப்பது என்பதையே நாங்கள் முடிவு செய்துகொள்ளலாம். வீட்டில் நான், மனைவி, ஏழு வயது மகள், எழுபதைத் தாண்டிய மாமியார். கொரோனா மாதிரி இன்னொன்று வருமா என்ற பயத்தை மட்டும் வைத்து ஊர் தேடுவது கொஞ்சம் அதிகப்படிதான், தெரியும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்க்கும்போது இதையும் ஒரு கணக்காக வைத்துக்கொண்டால் என்ன? என் மனதில் ஓடுவது இதுதான்: எல்லையைச் சட்டென்று மூடக்கூடிய தீவு நாடு, அதில் நெரிசல் இல்லாத ஒரு நடுத்தர நகரம். 2021இல் வந்த வாழத் தகுந்த நகரங்கள் பட்டியலில் ஆக்லாந்துக்குத்தான் முதலிடம். அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நான்காம் மாடி:
பட்டியலை முதலில் மூடி வையுங்கள் நண்பரே. நீங்கள் சொல்லும் அதே பட்டியலில், 2018, 2019 இரண்டு வருடமும் முதலிடத்தில் இருந்த வியன்னா 2021இல் பன்னிரண்டாவது இடத்துக்குப் போனது. அடுத்த வருடமே வியன்னா மறுபடி முதலிடம், ஆக்லாந்து 34. ஒரு வருடத்தில் ஊர் மாறிவிட்டதா என்ன? கணக்கெடுத்த வாரத்தில் எங்கே கடை திறந்திருந்தது, எங்கே பள்ளி நடந்தது என்பதுதான் மாறியது. இன்னொரு வேடிக்கை, ஆக்லாந்து முதலிடம் பிடித்தது ஜூனில். ஆகஸ்ட் 17 இரவு அங்கே ஊரடங்கு போட்டார்கள், டிசம்பர் தொடக்கம் வரை அது ஏதோ ஒரு வடிவத்தில் நீடித்தது. பட்டியலை நம்பி ஜூலையில் பெட்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இதைவிடப் பெரிய கூத்து 2019 அக்டோபரில் நடந்தது. உலக நாடுகளில் தொற்றைச் சமாளிக்க யார் தயாராக இருக்கிறார்கள் என்று ஒரு குறியீடு வெளியிட்டார்கள். முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். மூன்றே மாதத்தில் தேர்வு வந்துவிட்டது, இரண்டும் எப்படி எழுதின என்பது எல்லாருக்கும் தெரியும். ஆய்வகம், நிபுணர், சட்டம் என்று காகிதத்தில் இருப்பதைத்தான் அந்தக் குறியீடு எண்ணியது. அதை எப்போது, யார் பயன்படுத்துவார்கள் என்பதை அதனால் எண்ண முடியவில்லை.

அலைகடல்:
பட்டியல் கிடக்கட்டும், தீவு என்ற யோசனையை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். இதற்கு நூறு வருடச் சான்று இருக்கிறது. 1918 நவம்பர் 7, ஆக்லாந்திலிருந்து கிளம்பிய தலூன் என்ற கப்பல் மேற்குச் சமோவாவின் ஆபியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள், ஆனாலும் இறங்க விட்டார்கள். அந்தத் தீவு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் செத்துப் போனார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவாவில் கப்பல்களைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள், அங்கே ஒரு சாவுகூட இல்லை. ஒரே இன மக்கள், ஒரே கடல், ஒரே காய்ச்சல். கதவைச் சாத்தியதும் சாத்தாததும்தான் வித்தியாசம்.

இப்போதைய உதாரணம் வேண்டுமென்றால் பெர்த். மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரல் 5 முதல் 2022 மார்ச் 3 வரை மற்ற மாநிலங்களுக்கே தன் எல்லையை இறுக்கி வைத்திருந்தது. இடையில் சில நாள் முடக்கங்கள் வந்தன, கெடுபிடி கொஞ்சம் ஏறி இறங்கியது. மற்றபடி உலகமே வீட்டுக்குள் கிடந்த காலத்தில் பெர்த் மக்கள் மைதானத்துக்கும் கடற்கரைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன இருக்கிறது?

பெட்டி படுக்கை:
நல்ல ஏற்பாடுதான், கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு. உங்கள் பெர்த் கதையிலேயே, வேறு மாநிலத்தில் சாகக் கிடந்த அப்பாவைப் பார்க்கப் போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! அதைவிட, ஆஸ்திரேலியா தன் குடிமக்களே நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, போவதானால் தனி அனுமதி வேண்டும் என்று 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை வைத்திருந்தது. நியூசிலாந்தில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சொந்தக் குடிமக்கள் தனிமைப்படுத்தல் அறைக்காக இணையத்தில் வரிசை நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் அது குலுக்கல் மாதிரி ஆகிவிட்டது. சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைச் சிலரது விஷயத்தில் அந்த முறை மீறியது என்று 2022இல் அந்த ஊர் உயர் நீதிமன்றமே சொன்னது.

இதெல்லாம் குடிமக்களுக்கு நடந்தது. சாளரம், நீங்கள் போவது விசாவில். அந்த வரிசையில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று யோசித்தீர்களா? 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பிரதமர், சுற்றுலா வந்தவர்களும் தங்களைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத வெளிநாட்டு மாணவர்களும் ஊருக்குக் கிளம்புங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜப்பானில் இன்னும் மோசம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கி வருடக்கணக்காக அங்கே வாழ்ந்த வெளிநாட்டவர்கள்கூட, அந்த ஏப்ரலில் தடை வந்த பிறகு வெளியே போனால் பல மாதங்களுக்குத் திரும்ப முடியவில்லை. ஜப்பானியர் மட்டும் போய் வரலாம். வீடு, வேலை, பிள்ளையின் பள்ளி எல்லாம் டோக்கியோவில், ஆள் மட்டும் வெளியே.

நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: கதவு மூடும் அன்று இந்த நாட்டுச் சட்டப்படி நான் யார்? ஊர் எவ்வளவு பாதுகாப்பு என்பது அதற்கு அப்புறம்.

அலைகடல்:
விசா விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயிரா உரிமையா என்று வந்தால் உயிர்தானே முதலில்?

பெட்டி படுக்கை:
விசா முடிந்து, வேலையும் போய், அரசு உதவித்தொகைக்கும் தகுதி இல்லாமல் ஒரு பாதுகாப்பான தீவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள் அண்ணா, இரண்டையும் அப்படித் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பார்.

இரவுப் பணி:
பல வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவள் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன். எல்லாரும் தொற்று எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள். நான் பார்ப்பது, நோய் வந்த பிறகு என்ன ஆகும் என்பதை.

ஒதுக்குப்புறமான ஊர் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் மனாஸைப் பாருங்கள். பிரேசிலில் அமேசான் காட்டுக்கு நடுவில் இருக்கும் பெரிய நகரம். அந்த மாநிலம் பரப்பில் பல நாடுகளைவிடப் பெரியது, ஆனால் அதன் ஐசியூ படுக்கைகள் அத்தனையும் மனாஸ் நகரத்தில் மட்டும்தான் இருந்தன. 2021 ஜனவரியில் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனது, நோயாளிகளை விமானத்தில் ஏற்றி வேறு மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். பெருவின் இக்கிட்டோஸ் இன்னும் மேலே போய், நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலையே இல்லாத ஊர். விமானத்தில் அல்லது ஆற்று வழியில்தான் போக முடியும். நீங்கள் தேடும் ‘எல்லையை எளிதாக மூடக்கூடிய’ இடம் அதுதானே? கிருமி வந்து சேர்ந்துவிட்டது, போதுமான ஆக்சிஜன் உருளை வந்து சேரவில்லை.

அப்புறம் படுக்கை எண்ணிக்கையை வைத்து ஏமாறாதீர்கள். கட்டிலையும் வென்டிலேட்டரையும் ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம், ஒரு மண்டபத்தையே மருத்துவமனையாக மாற்றிவிடலாம். அந்த வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த செவிலியரை ஒரு மாதத்தில் உருவாக்க முடியாது. மூச்சு எளிதாக வர நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதற்கே, குழாய் எதுவும் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள நான்கைந்து பேர் வேண்டும். எங்கள் வார்டில் கட்டில் காலியாக இருந்து, பார்க்க ஆள் இல்லாததால் நோயாளியைச் சேர்க்க முடியாத இரவுகள் இருந்தன. அதனால் ஒரு ஊரைப் பற்றி விசாரிக்கும்போது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேதான் பயிற்சி மருத்துவர்கள், மாணவர்கள், மயக்கவியல் ஆட்கள் என்று அவசரத்துக்கு இழுத்துக்கொள்ள ஆள் இருக்கும்.

இன்னொன்று, உங்கள் மாமியாருக்குத் தொற்றே வராமல் மாரடைப்பு வரலாம். பெருந்தொற்றுக் காலத்தில் மற்ற நோய்கள் லீவு எடுத்துக்கொள்வதில்லை. டயாலிசிஸ், கீமோ, இதயம் இதெல்லாம் அந்த ஊரில் தடையில்லாமல் நடக்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சாளரம்:
அம்மா, இது நான் யோசிக்காத கோணம், ரொம்ப நன்றி. ஆனால் பெரிய மருத்துவமனை இருக்கிற ஊர் என்றால் பெரிய நகரம், பெரிய நகரம் என்றால் நெரிசல். நியூயார்க்கில் 2020இல் நடந்ததைப் பார்த்த பிறகு அடுக்குமாடி என்றாலே பயமாக இருக்கிறது.

நான்காம் மாடி:
நியூயார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பகுதிகளில் ஒரு சதுர மைலுக்கு மிக அதிகம் பேர் வசிப்பது மன்ஹாட்டன். ஆனால் 2020 வசந்த காலத்தில் நகரத்தையே உலுக்கிய இடம் குவீன்ஸ் பகுதியின் கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ். (ஆமாம், அந்தப் பேட்டையின் பெயரே கொரோனாதான், விதியின் நக்கல்.) அங்கே கட்டடங்கள் மன்ஹாட்டன் அளவு உயரமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நிறையப் பேர், அதில் பலர் மளிகைக் கடை, சமையல்கூடம், துப்புரவு, டெலிவரி என்று வெளியே போயே தீர வேண்டியவர்கள். ஊர் நெரிசல் வேறு, வீட்டுக்குள் நெரிசல் வேறு. கொன்றது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோன அறிகுறி, மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். நடுவில் ஒரு தெருதான். பொதுக் கழிப்பறையும் ஒரே அறையில் ஒரு குடும்பமும்தான் அந்த வித்தியாசம். சிங்கப்பூரை எல்லாரும் மெச்சினார்கள், மெச்ச வேண்டியதுதான். ஆனால் அங்கே விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்கு 2020 டிசம்பருக்குள் தொற்று வந்துவிட்டது என்று அரசே கணக்குச் சொன்னது. மற்றவர்கள் கடைத்தெருவில் நடமாடத் தொடங்கிய பிறகும் அந்தத் தொழிலாளர்களுக்கு வெளியே போகக் கட்டுப்பாடு இருந்தது. ஆக ‘சிங்கப்பூரில் நிலைமை எப்படி’ என்று கேட்டால் எந்தச் சிங்கப்பூர் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

எனவே சாளரம், நகரத்தைத் தேர்ந்தெடுக்க நீங்கள் செலவு செய்யும் நேரத்தில் பாதியை வீட்டைத் தேர்ந்தெடுக்கச் செலவு செய்யுங்கள். ஒருவருக்கு நோய் வந்தால் ஒதுங்கிப் படுக்கத் தனி அறை, முடிந்தால் அதற்கென்று கழிப்பறை, காற்று குறுக்கே ஓடும் ஜன்னல், காலாற நிற்க ஒரு பால்கனி. லிஃப்ட் இல்லாமலும் ஏறி இறங்கக்கூடிய மாடி. அடுக்குமாடியில் கழிவுநீர்க் குழாயையும் பாருங்கள், சிரிக்காதீர்கள். 2003இல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவியது. குளியலறைத் தரையில் இருந்த வடிகால் குழாய்களில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோனதால், வீட்டுக்கு வீடு கிருமி அந்த வழியாக ஏறியது என்று விசாரணையில் சொன்னார்கள்.

இரு பிள்ளை அம்மா:
ஏழு வயதுக் குழந்தை இருக்கிறாள் என்றீர்கள், இவ்வளவு நேரம் அவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஸ்பெயினில் 2020 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் 26 வரை குழந்தைகள் வெளியே விளையாடவோ நடக்கவோ போகவே முடியாது. நாயை நடக்கக் கூட்டிப்போகலாம், பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது. அதே ஏப்ரல் 15ஆம் தேதி டென்மார்க்கில் சின்னப் பிள்ளைகளின் பள்ளியைத் திறந்துவிட்டார்கள், வகுப்புகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, முடிந்த பாடத்தை வெளியில் நடத்தினார்கள். சுவீடனில் தொடக்கப் பள்ளிகளை மூடவே இல்லை (அங்கே முதியோர் இல்லங்களில் நடந்தது தனிச் சோகம், உங்கள் மாமியாரை நினைத்துச் சொல்கிறேன்). உகாண்டாவில் ஏறக்குறைய இரண்டு வருடம் பள்ளி மூடிக் கிடந்தது, 2022 ஜனவரியில்தான் எல்லாருக்கும் திறந்தது. ஒரே கிருமிக்கு இத்தனை விதமான பதில். ஒரு சமூகம் நெருக்கடியில் எதை முதலில் மூடுகிறது, எதை முதலில் திறக்கிறது என்று பாருங்கள். மதுக்கடை திறந்து பள்ளி மூடியிருந்த ஊர்களில் அடுத்த முறையும் அப்படித்தான் நடக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

மஞ்சள் குடை:
ஷாங்காயை யாரும் சொல்லவில்லையே. இரண்டு வருடம் சீனாவிலேயே சாமர்த்தியமான ஊர் என்று பேர், முழு ஊரையும் முடக்காமல் கட்டடம் கட்டடமாகச் சமாளித்தது. 2022 மார்ச் 28 அன்று ஆற்றுக்குக் கிழக்கே சில நாள், அப்புறம் மேற்கே சில நாள் என்று சொல்லி ஆரம்பித்த முடக்கம் ஜூன் 1 வரை இழுத்தது. இரண்டரைக் கோடி மக்கள். கையில் பணமும் செயலியும் இருந்தவர்களுக்குக்கூடக் காய்கறி கிடைக்கவில்லை, கொண்டுவருகிறவர்களும் வீட்டுக்குள் அடைபட்டுவிட்டார்களே. கடைசியில் அடுக்குமாடிக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அண்டை வீட்டாரின் பெயரே தெரியாமல் வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் அந்த இரண்டு மாதம் அவர்களை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

மெல்போர்னில் 2020 ஜூலை 4 அன்று ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்களை முன்னறிவிப்பே இல்லாமல் போலீஸ் வைத்து அடைத்தார்கள், சுமார் 3000 பேர். மனித உரிமைச் சட்டத்தை மீறிய செயல் என்று அந்த மாநிலத்தின் குறைதீர்ப்பாளரே அறிக்கை கொடுத்தார். திறமையான அரசு இருக்கும் ஊர் என்று தேடிப் போகிறவர்கள், அந்தத் திறமை தன் பக்கம் திரும்பினால் முறையிட ஓர் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறட்டுத் தவளை:
எல்லாரும் போன போருக்கான ஆயுதத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்தது கொரோனா மாதிரியே இருக்கும் என்று யார் சொன்னது? 1918இல் வந்த காய்ச்சல் இருபதிலிருந்து நாற்பது வயது வரை இருந்த திடகாத்திரமான ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. 2009இல் வந்த பன்றிக்காய்ச்சலில் வயதானவர்களுக்குப் பழைய எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் இருந்தது, இளையவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். போலியோ என்றால் குழந்தைகள். எந்த நோய் என்றே தெரியாமல் எந்த ஊர் என்று கணக்குப் போட முடியாது. நாடுகூடப் பெரிய அடையாளம் இல்லை. 1918 செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியாவில் போர்க்கடன் பத்திரத்துக்காக ஊர்வலம் நடத்தி இரண்டு லட்சம் பேரைத் தெருவில் கூட்டினார்கள், சில நாளில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அதே நாட்டில் செயின்ட் லூயிஸ் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளி, திரையரங்கு, தேவாலயம் எல்லாவற்றையும் மூடியது, அங்கே உச்ச வாரச் சாவு விகிதம் பிலடெல்பியாவை விட ரொம்பக் குறைவு. ஒரு சுகாதார அதிகாரி எந்த வாரத்தில் துணிந்தார் என்பதுதான் விஷயம். அதை எந்த வாடகை விளம்பரத்தில் போடுவார்கள்?

சாளரம்:
அப்படியென்றால் எங்கேயும் போகாமல், இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? நோயின் போக்கைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற ஊருக்குப் போனால்?

பெட்டி படுக்கை:
அது மட்டும் வேண்டாம். வந்த பிறகு ஓடலாம் என்று எல்லாரும் ஒரே ராத்திரியில்தான் நினைப்பார்கள். 2020 மார்ச் 7 இரவு, இத்தாலியில் மிலான் நகரம் இருக்கும் லொம்பார்டி மாநிலத்தை அடைக்கப் போகிறார்கள் என்ற உத்தரவின் வரைவு வெளியே கசிந்ததும் மிலான் ரயில் நிலையத்துக்குக் கூட்டம் ஓடியது, தெற்கே போகிற ரயிலைப் பிடிக்க. பலர் தொற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அம்மா அப்பா வீட்டுக்குப் போயிருப்பார்கள். இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் ஊரடங்கு. நான்கு மணி நேரத்தில் யார் எங்கே போக முடியும்? நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர்கள் விரும்பியா நடந்தார்கள்? முதல் நாள் எங்கே இருக்கிறீர்களோ அங்கேதான் இருக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

இரவுப் பணி:
இதோடு என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன் தம்பி. தொற்று வார்டில் உறவினரை விடமாட்டார்கள். பல நாடுகளில் கடைசி நேரத்தில்கூட விடவில்லை, நாங்கள் போனைப் பிடித்துக் காட்டினோம். உங்கள் மாமியார் உள்ளே தனியாக இருப்பார். எங்கே வலிக்கிறது, என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது, மூச்சுக்குக் குழாய் வைக்கச் சம்மதமா என்பதையெல்லாம் அவரே பேச வேண்டும். முகமூடி போட்ட செவிலியர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேற்று மொழியில் கேட்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் நேரத்தில் மொழிபெயர்ப்பு இணைப்புக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பேச வரும் மொழியில் மருத்துவம் நடக்கும் ஊராகப் பாருங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

அலைகடல்:
அப்படியானால் என் தீவு அம்போதானா?

இரவுப் பணி:
அந்தத் தீவின் ஆஸ்பத்திரியில் அவர் மொழி பேசுகிறவர்கள் இருந்தால் தாராளமாகப் போகட்டும்.

சாளரம்:
மாமியாரிடமே கேட்டுவிட்டேன். அவருக்குத் தன் மொழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லையாம். தீவுப் பட்டியல் முழுக்க அடிபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டு நகரம், இரண்டும் எங்களுக்குக் குடியுரிமை உள்ள நாட்டிலேயே. ஒன்றில் மருத்துவக் கல்லூரி நடக்கும் தூரம், ஆனால் வீடு சின்னது, மகளுக்குத் தனி அறை கிடையாது. இன்னொன்றில் தோட்டத்தோடு வீடு, பெரிய மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். மனைவிக்குத் தோட்டம், எனக்கு மருத்துவமனை. எதற்கு முன்னுரிமை?

இரு பிள்ளை அம்மா:
தோட்டம். வருடம் முழுக்க வாழப்போவது வீட்டில்தானே.

இரவுப் பணி:
இரண்டு மணி நேரம் என்பது ஆம்புலன்ஸ் உடனே கிடைக்கிற நாளில். அந்தத் தோட்ட ஊரில் ஆக்சிஜன் வசதியோடு ஒரு சின்ன மருத்துவமனையாவது இருக்கிறதா, அங்கிருந்து பெரிய இடத்துக்கு மாற்ற ஏற்பாடு உண்டா என்று நேரில் போய் விசாரியுங்கள். இருந்தால் தோட்டத்துக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். இல்லாவிட்டால் சின்ன வீடு, கூடத்தில் ஒரு தடுப்பு.